சாரலும் கருவியும்

தென்காசிக் கோபுர வாயிலில் ஆனித் திங்களில் நின்றவர் அங்கு வீசும் காற்றை எளிதில் மறவார். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த அக்கோயிலுள் நுழைவோர் மேலாடையை ஒரு கையால் பற்றிக்கொண்டே செல்வர். அது வறுங்காற்று அன்று. அரபிக் கடலின்மேல் நெடுந்தொலைவு தவழ்ந்து நீராவியை முகந்து, கேரளத்தில் பெருமழையாகப் பொழிந்து, எஞ்சிய ஈரத்தோடு ஆரியங்காவுக் கணவாயின் வழியே செங்கோட்டைப் பக்கம் இறங்கிவரும் தென்மேற்குப் பருவக்காற்று அது. மலைக்கு மேற்கே மழையாய்க் கொட்டுவது கிழக்கே சாரலாய்த் தூவுகிறது. அச்சாரலே குற்றாலத்தின் செல்வம். பேரருவியும் ஐந்தருவியும் புலியருவியும் பழைய குற்றாலமும் பொலிவு பெறுவது அக்காலத்திலேதான்.

முன்னாளில் குற்றாலத்துக்குச் செல்வோர் மாற்றுடையும் நல்லெண்ணெயும் சீயக்காயும் ஒரு துணிப்பையில் இட்டுச் சென்றனர். அவற்றுள் ஒன்றேனும் ஈரத்துக்கு அஞ்சுவதன்று. இக்காலத்துப் பயணியின் மூட்டையோ வேறு வகையானது. கைப்பேசி, ஒளிப்படக் கருவி, மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, இவற்றுக்கெல்லாம் மின்னூட்டும் கலங்கள் என அது நிறைந்து கிடக்கிறது. ஒருநாள் நீராடித் திரும்புவோர் ஒருபுறம் இருக்க, மலைத் தாவரங்களை ஆராய்வோரும், பறவைகளைப் படமெடுப்போரும், நாட்டார் பாடல்களைப் பதிவு செய்வோரும் திங்கட் கணக்கில் இங்குத் தங்குகின்றனர். அவர்கள் நீருக்கு அஞ்சித் தம் கருவிகளை நெகிழிப்பையில் இட்டு இறுகக் கட்டுகின்றனர். அங்ஙனம் கட்டியும் கருவி கெடுகின்றது. அதற்குக் காரணம் யாது?

மாணவர்களே, ஈரம் இருவகைப்படும். கண்ணுக்குத் தெரியும் நீர் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத நீராவி மற்றொன்று. முன்னதற்கு யாவரும் அஞ்சுவர். பின்னதற்கு அஞ்சுவார் மிகச் சிலர். ஆனால் சாரற் காலத்தில் வீட்டு அடுக்களையைச் சற்றே நோக்கினால் பின்னதன் ஆற்றல் விளங்கும். பொரித்த அப்பளம் ஒரு நாழிகைக்குள் நமத்துவிடுகிறது. தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்கிறதேயன்றித் தீப்பற்றுவதில்லை. மூடிவைத்த ஜாடியில் உப்புக் கசிந்து அடியில் நீராய் நிற்கிறது. இவற்றின்மேல் யாரும் நீர் தெளிக்கவில்லை. காற்றே ஈரத்தைக் கொணர்ந்து சேர்த்தது.

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஓர் அளவு நீராவியையே தாங்கும். ஒரு கன மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு பெரிய பீரோவின் உள்ளளவு காற்று, 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்கு மேல் தாங்காது. மிகுதி நீர்த்துளியாகப் படிந்துவிடும். தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்பொழுது உள்ளது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். குளிரக் குளிர எந்த வெப்பநிலையில் பனி படியத் தொடங்குமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். 30 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 80 ஆயின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை ஆகும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னர் இது வேண்டப்படும்.

ஈரப்பதத்தை அளக்க ஈரமானி என்னும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அஃது இல்லாதார்க்கு உப்பு ஜாடி உண்டு. தூய உப்பு, ஒப்பு ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பில் வேறு உப்புகளும் சிறிது கலந்திருத்தலால் அது இன்னும் முன்னரே கசியும். ஆகவே அடுக்களையில் உப்புக் கசியும் நாளில் பெட்டியில் உள்ள ஒளிப்படக் கருவிக்கும் இடர் உண்டு என்று கொள்ளலாம். விலையில்லாத ஈரமானி இது.

நான் அறிந்த ஆய்வு மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஆடித் திங்களில் குற்றால மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தார். அவ்வூரில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாக அவர் நினைவில் இருந்தவை பல. மாணவர் தம் ஒலிப்பதிவுக் கருவியை மழைக்கு அஞ்சிப் பொன்னேபோல் போற்றினார். இரவில் தங்கிய குளிரறையில் மேசைமேல் வைத்திருந்து, காலையில் பையில் இட்டு எடுத்துச் சென்று, திண்ணையில் அமர்ந்த உடனே வெளியே எடுத்து முடுக்கினார். கருவி சிறிது நேரம் இரைந்து பின் அடங்கிவிட்டது. அதன்மேல் ஒரு துளி மழையும் பட்டிலது. “நாளைக்கு வாங்க தம்பி, நான் எங்க போயிரப் போறேன்” என்றார் அம்மூதாட்டி. கருவியைச் செப்பனிட்டுக்கொண்டு மீள்வதற்குள் மாணவரின் விடுமுறை முடிந்தது. மறு ஆண்டுச் சாரலுக்கு அம்மூதாட்டி இல்லை. மாணவர் கையால் எழுதிவைத்த இரண்டு பாடல்களே எஞ்சின.

நிகழ்ந்தது என்ன? முன்னே கூறிய எண்ணைக் கொண்டு ஆராயுங்கள். குளிரறையில் இருந்த கருவியின் வெப்பநிலை 22 பாகை. திண்ணைக் காற்றின் பனிநிலை 26 பாகை. ஈரக்காற்று கருவியைத் தொட்ட அளவிலே குளிர்ந்து, தன்னால் தாங்கவியலாத நீரை அதன்மேல் இறக்கியது. துளைகளின் வழியே உட்புகுந்த காற்று உள்ளேயும் பனியை இறக்கியது. குளிரறையிலிருந்து வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி மங்கிப்போவதை என்போன்றார் நாள்தோறும் காண்கின்றனர். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். கருவியின் வயிற்றுக்குள் கைவிட்டுத் துடைத்தல் இயலுமோ?

இதற்குரிய காப்பு மிக எளிது, செலவும் இல்லை. குளிர்ந்த இடத்திலேயே கருவியை அழுத்தி மூடும் பையில் இட்டு மூடவேண்டும். வெளியே வந்தபின் உடனே திறவாமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். பனி பையின் புறத்தே படியும். உள்ளிருக்கும் கருவியைத் தொடாது. கருவி மெல்லச் சூடேறி வெளிக்காற்றின் வெப்பநிலையை அடைந்தபின் திறந்தால் இடர் இல்லை. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு வண்டியின் குளிர்பெட்டியில் வந்து காலையில் தென்காசி நிலையத்தில் இறங்குவோர், இறங்கிய நடைமேடையிலேயே ஒளிப்படக் கருவியை எடுத்து மலையை நோக்கித் திருப்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மலை எங்கும் போய்விடாது. சிற்றுண்டி முடியுமளவும் பொறுக்கலாம்.

ஈரம் கருவிக்குள் என்ன செய்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். உள்ளே பச்சை நிறத் தகடு ஒன்றில் மெல்லிய செம்புக் கோடுகள் நெருங்கி ஓடுகின்றன. அவையே மின்சாரம் செல்லும் வழிகள். தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதே கடத்தும். ஆனால் தகட்டின்மேல் தூசும், வியர்வை உப்பும் ஏற்கெனவே படிந்துள்ளன. அவை பனியில் கரைந்தால் அந்நீர் நன்கு கடத்தும். அப்பொழுது மின்சாரம் தன் வழியை விட்டு அயல்வழியில் பாயும். அன்றியும் ஒரு கோட்டிலுள்ள செம்பு கரைந்து மற்றொரு கோட்டின்மேல் சென்று படியும். வெண்கலப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போலப் பச்சை பூக்கும். இவ்விரு கேடுகளும் மின்சாரம் ஓடும்போதே விரைந்து நிகழ்வன. ஆதலின் நனைந்த கருவியை ‘வேலை செய்கிறதா, பார்ப்போம்’ என்று முடுக்கிப் பார்த்தலே அதனைக் கொல்லும் செயல்.

ஒளிப்படக் கருவியின் வில்லைக்கு வேறொரு பகைவன் உண்டு. ஒப்பு ஈரப்பதம் 70 அளவில் பல நாள் நிலைத்து, காற்றோட்டமும் ஒளியும் இல்லாதிருப்பின், வில்லையின் உட்புறத்தில் பூஞ்சை முளைத்துச் சிலந்தி வலைபோற் படரும். அது சுரக்கும் புளிப்புப் பொருள் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர்ப் பூஞ்சையைத் துடைத்தாலும் வடு போகாது. தோற்பையில் வைத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்பாரின் வில்லைகளே பெரும்பாலும் இக்கேட்டுக்கு இரையாகின்றன.

இத்துன்பத்தை உலகம் பெரிய அளவில் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது ஆகும். பர்மா, நியூ கினி முதலிய காட்டு நாடுகளுக்குச் சென்ற படைகளின் வானொலிக் கருவிகள் பகைவரின் குண்டுக்கு முன்னரே ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் இரையாயின. செய்தி அனுப்ப இயலாத படை கண்ணிழந்த படை அன்றோ? அதன்பின் கம்பிச் சுருள்களுக்குப் பூஞ்சை தடுக்கும் மெருகெண்ணெய் பூசியும், பெட்டிகளைக் காற்றுப் புகாமல் மூடியும், உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்தும் அனுப்பக் கற்றனர். அம்மணிகளே சிலிக்கா ஜெல். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்ட்டர் பேட்ரிக் என்னும் வேதியியலார் அதனைச் செய்யும் முறைக்கு 1919இல் காப்புரிமை பெற்றார். புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் ‘உண்ணற்க’ என்ற எழுத்தோடு காணப்படும் சிறு பொட்டலம் இதுவே. கண்ணுக்குத் தெரியாத எண்ணிறந்த நுண்துளைகள் உடைய இம்மணிகள், தம் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைப் பற்றிக்கொள்ளவல்லன.

நம் நாட்டில் வறண்ட காற்றே ஓர் ஊரை வாழ்வித்த வரலாறும் உண்டு. தென்காசிக்கு வடகிழக்கே உள்ள சிவகாசியில் சாரலும் இல்லை, பெருமழையும் இல்லை. உழவுக்கு ஒவ்வாத அவ்வறட்சி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் உற்ற துணையாயிற்று. குச்சி நமக்காது; மருந்து உலரும்; தாள் சுருங்காது. அதே தீப்பெட்டி குற்றாலத்துக்கு வந்ததும் நமக்கிறது. பொருள் ஒன்றே; காற்று வேறு.

நம் முன்னோர் ஏட்டுச் சுவடியைக் காத்த முறையை இங்கு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவர்கள் சுவடியை இரு மரச்சட்டங்களுக்கு இடையே வைத்துக் கயிற்றால் கட்டித் துணியில் பொதிந்தனர். வசம்பும் வேப்பிலையும் உடன் வைத்தனர். ஆண்டுதோறும் கலைமகள் விழாவையொட்டி அவிழ்த்துத் தூசு தட்டிக் காற்றாட வைத்து எண்ணெய் பூசினர். மூடியே வைத்திராமல் அவ்வப்போது அவிழ்த்துப் பார்த்தலே அம்முறையின் உயிர். அவிழ்ப்பார் இன்றிக் கிடந்த சுவடிகள் செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாயின. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. துணி, ஈரத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். காற்றோட்டமுள்ள பேழைக்கு அது நன்று. காற்றுப் புகாத பெட்டிக்கு அதுவே தீங்கு. எவ்வாறு என்று கூறுகிறேன்.

பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி ஒன்றைச் சாரற் காலத்தில் மூடினால் உள்ளிருக்கும் காற்றில் உள்ள நீர் கால் கிராம் அளவே. ஒரு சிட்டிகை சிலிக்கா ஜெல் அதனை விழுங்கிவிடும். ஆனால் கருவி அசையாதிருக்கட்டும் என்று அரைக் கிலோ எடையுள்ள பருத்தித் துண்டு ஒன்றை உடன் திணித்தால், கைக்கு உலர்ந்ததாகவே தோன்றும் அத்துண்டு 40 கிராமுக்குக் குறையாத நீரைத் தன் இழைகளில் ஒளித்துக்கொண்டு வரும். நூறு கிராம் சிலிக்கா ஜெல்லும் அதன்முன் தோற்றுவிடும். பெட்டியில் வெயில் பட்டதும் அந்நீர் ஆவியாகிக் கருவியைச் சூழும். செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் இத்தகையனவே. ஆகவே கருவியோடு துணியையும் தாளையும் இடாமல், ஈரம் பற்றாத பஞ்சு ரப்பரை இடுதல் வேண்டும்.

இனிப் பொதியும் முறை எளிதாகிறது. மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெட்டி ஒன்று போதும். அடுக்களையில் மாவு இட்டுவைக்கும் இறுக்கமான சம்படமும் ஆகும். குளிரறை கிடைக்குமாயின் அங்கேயே பொதிந்து மூடுக. 22 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 55 உடைய காற்றை அடைத்து வெளியே கொண்டுவந்தால், 30 பாகைக்குச் சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 35 அளவுக்குத் தானே இறங்கிவிடும். சிலிக்கா ஜெல்லுக்கு அப்போது வேலையே குறைவு. நிறம் மாறும் மணிகளாயின் அவை நிறைந்துவிட்டதைக் காட்டும். செம்மஞ்சள் மணிகள் பச்சையாகும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். நீல மணிகளில் உள்ள கோபால்ட்டு உப்பு உடலுக்குத் தீங்கு தருவதாதலின் செம்மஞ்சள் மணிகளையே வாங்குக. நிறைந்த மணிகளைப் பெரியோர் துணையோடு, சமையலுக்கு உதவாத பழைய வாணலியில் இட்டு மெல்லிய தீயில் கிளறினால் பழைய நிறத்தை அடைந்து மீண்டும் பயன்படும். பொட்டலங்களை அவ்வாறு சுடுதல் ஆகாது, உறை உருகிவிடும்.

பல நாள் தங்குவோர் வாரம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து மணிகளின் நிறத்தைப் பார்த்தல் வேண்டும். கருவிகளை நாள்தோறும் சிறிது நேரம் இயக்குதலும் நன்று. இயங்கும் கருவியில் எழும் சிறு வெப்பம் உள்ளீரத்தை விரட்டும். உழைக்கும் கருவியினும் உறங்கும் கருவியே இங்கு விரைவில் கெடும்.

ஈரத்துக்கு அஞ்சி வெயிலில் வைப்பாரும் உளர். அது கொள்ளியால் தலை சொறிவது போன்றது. இக்காலக் கருவிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது லித்தியம் மின்கலம். 1991இல் சந்தைக்கு வந்த இக்கலத்தை உருவாக்கியமைக்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் அறிஞர் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலத்துக்கு ஈரத்தினும் வெப்பமே பெரும்பகை. 35 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அதன் ஆயுள் விரைந்து குறையும். முழுதும் மின்னேற்றிய நிலையில் சூட்டில் கிடப்பின் இன்னும் விரைந்து குறையும். சாரல் ஓய்ந்து வெயில் காயும் நண்பகலில் தென்காசிக் கடைத்தெருவில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் அடுப்பாகிவிடும். அதனுள் கைப்பேசியை விட்டுச் செல்லல் ஆகாது. நெடுநாள் பயன்படாத கலத்தைப் பாதி மின்னேற்றத்தில் நிழலில் வைப்பது முறை. உப்பிய கலத்தைக் குத்தவும் கூடாது, மின்னேற்றவும் கூடாது. வானூர்தியில் செல்வோர் பவர் பேங்க் எனப்படும் துணைக்கலத்தைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விதி. சரக்கறையில் அது தீப்பற்றினால் அறிவார் இலர்.

அருவிக்கரையில் மற்றொரு மயக்கம் காணப்படுகிறது. ‘ஐ.பி. 68’ என்ற குறி உள்ள கைப்பேசி நீருக்கு அஞ்சாது என்று எண்ணிச் சிலர் அதனோடு அருவியின்கீழ் நிற்கின்றனர். அக்குறியின் முதல் எண் தூசைப் பற்றியது. இரண்டாம் எண் நீரைப் பற்றியது. அச்சோதனை அசையாத நன்னீரில் புதிய கருவியை அமிழ்த்திச் செய்வது. பேரருவியோ உயரத்திலிருந்து பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கு வேகம் தணிந்தும், நீராடுவார் முதுகில் தடியால் அடித்தாற்போல் விழுகிறது. ஓராண்டு பயன்பட்டுத் தளர்ந்த ரப்பர் வளையம் அந்த அடியைத் தாங்கும் என்று கூற ஒருவரும் முன்வரார்.

தவறி நனைந்துவிட்டால் உடனே இயக்கத்தை நிறுத்துக. துளைகள் கீழ்நோக்க மெல்லத் தட்டி நீரை வடித்து, மின்விசிறிக் காற்றில் நெடுநேரம் உலர்த்துக. அதுவரை மின்னேற்றம் கூடாது. அரிசிக்குள் புதைத்து வைத்தல் நாடெங்கும் பரவிய வழக்கம். அதனால் பயன் இல்லை. அரிசித் துகள் உள்ளே புகுந்து கேடு செய்யலாம் என்று கைப்பேசி செய்யும் ஆப்பிள் நிறுவனமே 2024இல் எச்சரித்தது. அரிசி சோற்றுப் பானைக்கே உரியது.

இத்தனைக்குப் பின்னும் கருவி கெடுதல் உண்டு. கெட்ட கருவியை விலை கொடுத்து மீண்டும் வாங்கலாம். அதில் பதிந்திருந்த குரலை வாங்குதல் இயலாது. நெல்லைச் சீமையில் நாட்டார் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) காலத்துக்குப் பின் ஒலிநாடாக்கள் பெருகின. அந்நாடாக்களிலும் 1970, 1980களில் செய்யப்பட்ட சில வகைகளின் பசை காற்றின் ஈரத்தை உண்டு பிசுபிசுத்துப் போயிற்று. ஆதலின் பகலில் பதிந்ததை அன்றிரவே இரு படிகள் எடுத்தல் வேண்டும். ஒரு படி தம்மிடத்தும் மற்றொன்று உடன்வந்தார் ஒருவரிடத்தும், வெவ்வேறு பைகளில் இருத்தல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். மைபோலப் பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது.

ஊர் திரும்பிய அன்றே பெட்டியை முழுதும் திறந்து, பையின் உட்புறத்தை வெளியே புரட்டி உலர்த்துக. கருவிகளை நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய துணியால் துடைத்து, மின்கலங்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அருவிக்கரையில் எண்ணெய்க் கையோடு தொட்ட இடங்களை இருமுறை துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டும், தூசில் ஈரம் தங்கும்.